கோட்டுக்கு வெளியே யார்?

பல்கலைக்கழக நூலகத்தில் அடுக்கி வைத்திருக்கும் ஆய்வேடுகளில் எதை எடுத்துப் பிரித்தாலும் முதல் பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் ‘ஆய்வு எல்லை’ என்று ஒரு சிறுதலைப்பு வரும். ரெக்ஸின் அட்டை, பொன்னிற எழுத்து, நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, நன்றியுரை எல்லாம் கடந்தால் முன்னுரை. அதற்குள் ஆய்வு நோக்கம், கருதுகோள், முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், இயல் பகுப்பு. இந்த வரிசையின் நடுவில் எங்கோ இரண்டு மூன்று வரிகளில் எல்லை முடிந்துவிடும். இன்னாருடைய ஐந்து நாவல்கள் மட்டும் ஆய்வுக்கு எல்லையாகக் கொள்ளப்படுகின்றன என்று இருக்கும். ஏன் ஐந்து, ஏன் இந்த ஐந்து, ஆறாவது ஏன் இல்லை என்பதற்கு அடுத்த வரி இருக்காது.

ஓர் ஆய்வேடு கைக்கு வந்தால் நான் முதலில் தேடிப் படிப்பது இந்த வரிகளைத்தான். எழுதியவர் தன் பொருளோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது இங்கே தெரிந்துவிடும். கேள்வி தெளிவாக இருந்தால் எல்லை அதிலிருந்தே பிறக்கும். கேள்வி இல்லாத இடத்தில் எல்லை என்பது ஒரு பட்டியல்தான். கைக்குக் கிடைத்த நூல்கள், வீட்டுக்குப் பக்கத்து ஊர், நெறியாளருக்குப் பழக்கமான எழுத்தாளர் என்று வசதி போட்ட கோடு. வசதியை நான் குறை சொல்லவில்லை. பஸ் செலவுக்குக் கணக்குப் பார்த்துக் களத்துக்குப் போகிற பிள்ளைகள்தான் நம் கல்லூரிகளில் அதிகம். பக்கத்து ஊரை எடுத்ததற்குக் காரணம் பஸ் செலவு என்றால் அதையும் எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காரணமே சொல்லாமல், ஏதோ அறிவியல் முறைப்படி தேர்ந்ததைப் போல ஒரு வரியை வைத்துவிட்டுக் கடந்துபோவதுதான் ஆய்வைக் கெடுக்கிறது.

எல்லை சொல்லித் தொடங்குவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. பவணந்தியாரின் நன்னூல், பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது: நூல் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, எடுத்துக்கொண்ட பொருள், கேட்க உரியவர், பயன். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த சிறப்புப்பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் சொல்லித்தான் தொடங்குகிறது. அங்கே பேசப்படுவது நிலத்தின் எல்லை. இன்றைய ஆய்வின் எல்லை அதனினும் சிக்கலானது. ஆனால் படிக்க வருகிறவரை உள்ளே அழைக்கும் முன், இது எதுவரை போகும் என்று சொல்லிவிட வேண்டும் என்கிற பொறுப்பு இரண்டுக்கும் பொது. அதே நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் அடுக்குகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்ற மூன்றும் அவற்றில் உண்டு. எல்லை சரியாக விழாத ஆய்வேட்டில் இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஒரு நாவலாசிரியரின் பெண் பாத்திரங்களை ஆராய வந்தவர், தமிழ் நாவலின் தோற்றமும் வளர்ச்சியும் என்று முழுசாக ஓர் இயல் எழுதுகிறார். அது நூறு ஆய்வேடுகளில் ஏற்கெனவே இருக்கிற இயல். பெண் பாத்திரங்களுக்கு வரும்போது காலமும் பக்கமும் தீர்ந்துபோகின்றன.

கேள்வி எப்படி எல்லையைப் போடும் என்று மாணவர்கள் கேட்டால் நான் தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ நூலைக் கொடுக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு அது. 1989-இல் அந்தப் பல்கலைக்கழகமே நூலாக்கியது. தலைப்பைப் பார்த்தால் இதைவிட எளிய எல்லை இருக்க முடியாது என்று தோன்றும். ஒரே ஒரு கோயில். மலையடிவாரத்தில் மதிலும் கோட்டையும் சூழ, ஏற்கெனவே எல்லை கட்டிக் கிடக்கிற இடம். கோயிலாய்வுக்கென்று நம்மிடம் ஒரு வழக்கமான தடமும் உண்டு: தலபுராணம், கட்டடக்கலை, கல்வெட்டு, பூசை முறை, திருவிழா. அந்தத் தடத்தில் போயிருந்தால் மதிலுக்குள்ளேயே ஆய்வை முடித்திருக்கலாம்.

தொ.ப. கேட்ட கேள்வி வேறு. இந்தக் கோயிலுக்கும் இதைச் சுற்றி வாழும் மக்களுக்கும், கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சாதியாருக்கும், என்ன உறவு? அந்த உறவு எப்படி வந்தது? இதைக் கேட்ட நொடியில் மதில் எல்லையாக நிற்கும் தகுதியை இழந்துவிட்டது. கோபுர வாசலிலேயே பதினெட்டாம்படிக் கருப்பசாமி நிற்கிறார். சாத்திய கதவுதான் அவர். அந்தக் கதவுக்குச் சந்தனம் பூசி, அங்கேயே வழக்குப் பேசி, ஆணையிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கோயில் என்பது அந்த வாசல். மதிலுக்குள் இருப்பதை மட்டும் எண்ணினால் இவர்கள் பக்தர் கணக்கிலேயே வர மாட்டார்கள். சித்திரை வந்தால் அழகரே மலையை விட்டுக் கிளம்பிவிடுகிறார். கள்ளர் வேடம் பூண்டு, வழிநெடுக மண்டகப்படி ஏற்று, தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, குதிரை வாகனத்தில் வைகையில் இறங்கி, வண்டியூர் போய்த் திரும்புகிறார். மலைக்கும் மதுரைக்கும் இடையே இருபது கிலோமீட்டர் போல வரும். சாமியே எல்லை தாண்டும்போது ஆய்வாளர் மதிலுக்குள் நிற்க முடியாது. திரியெடுத்து ஆடுகிறவர்கள், தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், இரவெல்லாம் வர்ணிப்புப் பாடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஆய்வுக்குள் வந்தது இப்படித்தான்.

அந்த நூலைப் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்துவது அதன் அடக்கம். எல்லை இவ்வளவு விரிந்த பிறகும் அது ஊர் மேயவில்லை. வைணவத் தத்துவத்தின் வாதங்களுக்குள் போய்த் தொலையவில்லை. மதுரைக் கோயிலின் கதையைத் தனக்கு வேண்டிய அளவோடு விட்டுவிட்டது. சாதிகளுக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் போனது, தெரியாத இடத்தில் நின்றது. ஓர் ஊரையோ ஒரு நூலையோ எல்லை என்று சொல்வது பாதி வேலை. அந்த ஊருக்குள் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது மீதி.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவியின் திட்டம் நினைவுக்கு வருகிறது. முதுகலை இறுதிப் பருவத்தில் செய்யும் சிறு ஆய்வு. கையில் இருப்பது மூன்று மாதம். ‘காஞ்சிபுரம் மாவட்டக் கைத்தறி நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்று தலைப்பு எழுதி வந்திருந்தாள். எல்லை: கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். சங்கத்தில் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து முப்பது பேரைத் தேர்ந்தால் ஆயிற்று. நெசவாளர் குடும்பத்துப் பெண்.

“வீட்ல யார் யார்மா நெய்யறாங்க?”

“அப்பா மட்டும்தான் சார்.”

“அம்மா?”

“அம்மா நெய்ய மாட்டாங்க. தார் சுத்துவாங்க. பாவு அறுந்தா முடிவாங்க. கோர்வைச் சேலைன்னா பக்கத்துல உக்காந்து கரை நாடா தள்ளுவாங்க.”

“அப்ப அது நெசவு இல்லையா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “சங்கத்துல அப்பா பேருதான் சார் இருக்கு. கூலி அப்பா கணக்குலதான் வரும்,” என்றாள்.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடை இழை கரையில் வந்து பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா. ஒருவர் தறியில் உட்கார்ந்து ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளித்தான் ஒவ்வோர் இழையும் ஏறும். இரண்டாவது ஆள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆள்தான் சங்கப் பட்டியலில் இல்லை. ‘சங்க உறுப்பினர்கள்’ என்று எல்லை போட்டபோது, அவளே அறியாமல் தன் அம்மாவைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டாள். முப்பது வீட்டுக்குப் போய், முப்பது ஆண்களிடம் கேட்டு, நெசவாளரின் சராசரி வருமானம் இவ்வளவு என்று எழுதியிருப்பாள். கணக்கு சரியாகவே இருந்திருக்கும். அந்த வருமானம் இரண்டு பேர் உழைப்புக்கு வந்தது என்கிற உண்மை அதில் எங்கும் இருந்திருக்காது.

இது மாணவர் ஆய்வில் மட்டும் நேர்கிற சங்கதி இல்லை. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.2 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகச் சொல்கிறது. அதில் 26.7 லட்சம் பேர் நெசவாளர், மீதி 8.5 லட்சம் பேர் நெசவு சார்ந்த வேலை செய்பவர். இந்த இரண்டு தலைப்புக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. காலையில் தார் சுற்றி, மதியம் கரை நாடா தள்ளி, இடையில் சமைக்கிற ஒருவர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? கணக்கெடுப்புக்கு ஏதோ ஒரு பக்கம் வைத்தே ஆக வேண்டும். அதற்கு விதி இருக்கும், அதைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துத் தன் முன்னுரையில் போடும் மாணவர் அந்தக் கோடு எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். பிறர் போட்ட எல்லையும் எண்ணோடு சேர்ந்து நம் ஆய்வுக்குள் வந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் தலைப்பு பிறகு சுருங்கியது. மாவட்டம் போய் ஒரு தெரு வந்தது. சமூகப் பொருளாதார நிலை என்ற பெரிய சொல் போய், கோர்வைச் சேலை நெய்யும் வீடுகளில் பெண்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தறி வேலை செய்கிறார்கள், அந்த நேரத்துக்குக் கூலி யார் பெயரில் வருகிறது என்கிற கேள்வி வந்தது. தனியார் முதலாளிக்கு நெய்யும் வீடுகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் அங்கே கூலி பேசும் முறை வேறு. தெருவைச் சுருக்கியதும் ஆட்கள் கூடினார்கள். மூன்று மாதத்தில் ஒருத்தி நேரில் பார்த்து, உட்கார்ந்து, மணி குறித்து, உறுதியாகச் சொல்லக்கூடிய அளவு அது.

சிறிய எல்லை என்றால் சிறிய ஆய்வு என்று நம்மிடம் ஒரு தவறான மதிப்பு இருக்கிறது. தலைப்பில் ‘தமிழக’ என்று வந்தால்தான் பெருமை. இதை மறுக்க நூறாண்டுப் பழைய சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார். ஒரு மாணவர், ஒரு ஊர். நிலம் யாரிடம், பயிர் என்ன, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு. தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சையில் பாலக்குறிச்சி, வடார்க்காட்டில் தூசி என்று போனார்கள். அவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து 1918-இல் ஸ்லேட்டர் நூலாக்கினார்.

அன்று அது மாணவர்களின் பயிற்சி வேலை. அந்தக் கிராமங்களைப் பிறகு யாரும் விடவில்லை. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் போனார்கள். இருவேல்பட்டுக்கு மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் போனார்கள்; 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே ஊரில் நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி எப்படி இறுகியிருந்தது, பிறகு எப்படித் தளர்ந்தது, கூலியாட்கள் எப்படி ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டார்கள் என்று தொண்ணூறு ஆண்டுக் கதை நம் கையில் இருப்பதற்குக் காரணம், முதலில் போன மாணவர் எங்கே நின்று எதை எண்ணினார் என்று தெளிவாக எழுதி வைத்ததுதான். சென்னை மாகாணத்து விவசாயிகளின் நிலை என்று பொதுவாக அவர் எழுதியிருந்தால் பின்னால் வந்தவர்கள் எந்த வாசலில் போய் நிற்பார்கள்? கடைசியில் போனவர்கள் ஊர் என்கிற அந்த எல்லையே இப்போது போதவில்லை என்பதையும் பார்த்தார்கள். ஊர்க்காரர்களின் பிழைப்பு ஊருக்கு வெளியே போய்விட்டது. பழைய கோடு பழுதாகிவிட்டது என்று தெரிவதற்கும் அந்தக் கோடு முதலில் இருந்திருக்க வேண்டும்.

நாம் தேர்ந்து விலக்கியவை ஒரு வகை. நம்மால் எட்ட முடியாமல் போனவை இன்னொரு வகை. நம் ஆய்வேடுகள் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டாவதை மறைத்து முதலாவதாகக் காட்டுகின்றன. அப்படி மறைக்காதவரும் உண்டு. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம். என். ஸ்ரீநிவாஸிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்து, 1961-62-இல் தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கினார். ஸ்ரீபுரம் என்பது அவர் வைத்த புனைபெயர். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் அந்த ஊரில் எப்படி ஒன்றோடொன்று விலகிக்கொண்டிருந்தன என்பது கேள்வி. 1965-இல் நூலாக வந்து, இந்தியச் சமூகவியல் படிக்கிற யாரும் தாண்டிப்போக முடியாத ஆய்வாக நிற்கிறது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அந்தத் தெருக்காரராகவே மற்றத் தெருக்கள் அவரைப் பார்த்தன. சேரிக்குள் அவர் போவதும் அங்கிருப்பவர்கள் அவரோடு மனம்விட்டுப் பேசுவதும் அதனால் சுலபமாக இல்லை. இதை அவர் நூலிலேயே சொல்லிவிடுகிறார். சொன்னதால் நூல் பலவீனப்படவில்லை. எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்கு ஓர் அளவு கிடைத்தது. அக்ரகாரத்தைப் பற்றிய தகவலும் சேரியைப் பற்றிய தகவலும் ஒரே தரம் என்று பாவித்து எழுதியிருந்தால் இன்று அந்த நூலை இவ்வளவு நம்பிக் கையில் எடுக்க முடியாது.

நம் மாணவர்களுக்கும் இதுவே நேர்கிறது, அடிக்கடி. எந்தத் தெருவில் தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம் என்பது ஊருக்குள் போகும் மாணவரின் சாதியைப் பொறுத்து இன்றும் மாறுகிறது. எந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஆய்வின் உண்மையான எல்லையை இவைதான் பல இடங்களில் போடுகின்றன. ஆய்வேட்டில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. இருட்டிய பின் தறிப்பட்டறைக்குப் போக முடியவில்லை, அதனால் இரவு வேலை பற்றிய தகவல் பிறர் சொல்லக் கேட்டது என்று ஒரு மாணவி எழுதினால், நெறியாளர் அதை அடித்துவிடாமல் இருக்க வேண்டும். தேர்வாளர் அதைக் குறையாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருக்க வேண்டும்.

எம்.ஃபில். பட்டம் இருந்தபோது எல்லை போடக் கற்க ஓர் இடம் இருந்தது. ஓர் ஆண்டு அல்லது ஒன்றரை ஆண்டு, ஒரு சிறு கேள்வி, நூறு நூற்றைம்பது பக்கம். நிறைய ஆய்வேடுகள் சுமாராக இருந்தன என்பது உண்மை. ஆனால் இவ்வளவுதான் என்னால் முடியும், இதற்கு மேல் அடுத்தவர் பார்க்கட்டும் என்று ஒரு மாணவர் முதன்முதலாகச் சொல்லிப் பழகியது அங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறை அந்தப் பட்டத்தை நிறுத்தியது. இப்போது முதுகலையிலிருந்து நேராக முனைவர் பட்டம். குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு ஆண்டு. அந்த நீண்ட காலத்தின் முதல் ஆண்டு முழுக்கத் தலைப்பைச் சுருக்குவதிலேயே போகிறது. அதைக் காலவிரயம் என்று நினைத்து மாணவர்கள் பதறுகிறார்கள். நெறியாளரும் ஏதாவது ஒரு தலைப்பில் பதிவு செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார். அந்த ஓராண்டுக்குள் களத்துக்கு இரண்டு முறை போய்வந்து, போட்ட கோட்டை அழித்துத் திரும்பப் போடுவதுதான் ஆய்வின் முதல் வேலை என்று பதிவுக்கு முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதில் நான் வற்புறுத்த நினைப்பது ஒன்று உண்டு. ஆய்வு எல்லை என்கிற பகுதியை மாணவர் இரண்டு முறை எழுத வேண்டும். இரண்டும் ஆய்வேட்டில் இருக்க வேண்டும். முதலாவது பதிவின்போது எழுதியது, தேதியோடு: என் கேள்வி இது, அதனால் இந்த ஊர், இந்த ஆட்கள், இந்தக் காலம். இரண்டாவது களம் முடிந்த பிறகு எழுதியது: எந்தக் கோட்டை ஏன் நகர்த்தினேன், யார் வெளியே போனார்கள், யார் உள்ளே வந்தார்கள், யாரிடம் என்னால் போக முடியவில்லை. நாலைந்து பக்கம் ஆகும். நாவல் தோற்றமும் வளர்ச்சியும் போன்ற ஓர் இயலை எடுத்துவிட்டால் அதற்கு வேண்டிய இடம் தாராளமாகக் கிடைக்கும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளரின் முதல் கேள்வியும் அங்கிருந்தே வரட்டும். ஆறாவது நாவலை ஏன் விட்டீர்கள் என்று கேட்கட்டும், மாணவர் பதில் சொல்லட்டும்.